‘ஃபைன்’ என்றால் நல்லதா, அபராதமா? நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ஒரு வாரம் முழுவதும் ‘ஃபைன்’ என்ற சொல் காதில் விழாமல் இருக்க வேண்டுமென்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். கொழுந்து எடுக்க வரும் ஏஜென்ட் சொல்கிறார். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுபவர் சொல்கிறார். தங்கும் விடுதியில் இன்னொரு கோப்பை தேநீரை மறுக்கும் வெளிநாட்டு விருந்தினரும் அதையே சொல்கிறார். மூவரும் சொல்வது மூன்று வெவ்வேறு விஷயம். அகராதியைப் புரட்டினால் இந்தச் சொல்லுக்குப் பொருள்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசையை மனப்பாடம் செய்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது, எந்தக் குரலில் சொல்லப்படுகிறது என்று கவனிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் ஆங்கிலம் கற்பவர்களும், ஆங்கிலம் பேசிப் பிழைக்க வேண்டியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குப் பதில் இங்கே.

தமிழில் ‘ஃபைன்’ என்றால் அபராதம். ஆங்கிலத்தில் அதுவே ‘நல்லது’ என்றும் எப்படி ஆனது? இரண்டும் வேறு வேறு சொற்களா?

இன்றைய அகராதிகள் இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன. வேர் மட்டும் ஒன்று. லத்தீன் மொழியில் ‘ஃபினிஸ்’ என்றால் எல்லை, முடிவு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இரண்டு கிளைவிட்டது.

ஒரு பொருளை அதன் எல்லைவரை கொண்டுபோய், இதற்கு மேல் திருத்த எதுவுமில்லை என்ற நிலைக்கு ஆக்கிவிட்டால் அது ‘ஃபைன்’. முதலில் குறையற்றது, தூயது, உயர்ந்தது என்று பொருள். பிறகு நேர்த்தியானது, மெல்லியது, நுண்ணியது என்று விரிந்தது. இன்னொரு கிளை வழக்காடப் போனது. ஒரு தகராறை முடித்துக்கொள்ளக் கட்டும் தொகைக்கும் ‘முடிவு’ என்றே பெயர் வைத்தார்கள். பணத்தைக் கட்டினால் விவகாரம் முடிந்தது என்பதுதான் கணக்கு. தமிழ்நாட்டில் சாலையிலும் அலுவலகத்திலும் நமக்கு முதலில் அறிமுகமானது இந்தக் கிளை. அதனால்தான் ஆங்கிலத்தில் யாராவது ‘ஃபைன்’ என்றால் நம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது.

‘ஃபினிஷ்’, ‘ஃபைனல்’, ‘ரிஃபைண்டு ஆயில்’ எல்லாம் இதே குடும்பம். ‘ஃபைனான்ஸ்’ கூட. கடனை அடைத்து முடிப்பது என்பதுதான் அதன் பழைய பொருள். வாராவாரம் தவணை கட்டுபவர்கள் இதை நம்ப மறுத்தால் குற்றம் சொல்ல முடியாது.

என் தோட்டத்து இலையில் ‘ஃபைன் லீஃப்’ குறைவு என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். இது அபராதமா?

சொல்லளவில் அபராதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கையில் வரும் பணம் குறைவது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

இலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ‘ஃபைன்’ என்றால் இளசு. எதிர்ச்சொல் ‘கோர்ஸ்’: முற்றியது, நார் ஏறியது. ஒரு மொட்டும் இரண்டு இலையும் கொண்ட கொழுந்துதான் ஃபைன் லீஃபுக்கு இலக்கணம். வளர்ச்சி தற்காலிகமாக நின்றுபோன கொழுந்துக்குப் ‘பஞ்சி’ என்று பெயர்; அதிலும் மிருதுவாக இருப்பதை இளசோடு சேர்ப்பார்கள். தடித்துப்போன பஞ்சி எதிர்ப்பக்கம் போய்விடும்.

எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை ஒரு முறை அருகில் நின்று பார்ப்பது நல்லது. சாக்கின் மேல்பகுதியிலிருந்து மட்டும் அள்ளாமல், உள்ளேயிருந்தும் கை நிறைய இலை எடுத்து மேசையில் கொட்டுவார்கள். ஒவ்வொரு கொழுந்தாக எடுத்துக் காம்பை விரலால் வளைப்பார்கள். இளங்காம்பு ‘டக்’கென்று முறியும். முற்றிய காம்பு முறியாது. வளைந்து, நார் பிடித்துக்கொண்டு, தோல் உரிந்து தொங்கும். முறிந்தது ஒரு குவியல், தொங்கியது ஒரு குவியல். இரண்டையும் தனித்தனியாக எடை போட்டால் சதவீதம் வந்துவிடும். 100 கிராம் மாதிரியில் இளசு 60 கிராம் இருந்தால் ஃபைன் லீஃப் 60 சதவீதம். அவ்வளவுதான் சூட்சுமம்.

தொழிற்சாலைக்கு இது ஏன் முக்கியம்? தேநீரின் நிறத்துக்கும் சுவைக்கும் காரணமான சேர்மங்கள் இளங்கொழுந்தில்தான் அதிகம். முற்றிய இலை எந்திரத்தில் அரைபட்டாலும் நாராகப் பிரிந்து நிற்கும்; அதைத் தனியாகச் சலித்து எடுக்க வேண்டும். பறிக்க ஆள் கிடைக்காமல் சுற்று தள்ளிப்போனாலும், கையால் கிள்ளாமல் கத்தரியால் வெட்டினாலும் முற்றிய இலை சேர்ந்துதான் வரும். விவசாயிக்கும் இது தெரியும், ஏஜென்ட்டுக்கும் தெரியும்.

ஒரு யோசனை. ‘ஃபைன் லீஃப் இல்லை அண்ணா’ என்று பொதுவாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ‘எத்தனை சதவீதம்?’ என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் ‘ஃபைன்’ என்பது அபிப்பிராயம் இல்லை, அளவு. எடை போட்டுக் காட்டக்கூடிய ஒன்றை வாய்வார்த்தையில் முடிக்க அனுமதிக்கக் கூடாது.

அப்படியானால் ‘சூப்பர் ஃபைன் டஸ்ட்’ என்று அச்சிட்ட தேயிலை மிக உயர்ந்த ரகமா?

அவசியமில்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அதே தொழிற்சாலையின் முன்வாசலில் ‘ஃபைன்’ என்றால் இளசு. சலித்து மூட்டை கட்டும் பின்கட்டில் ‘ஃபைன்’ என்றால் பொடி. கட்டடம் ஒன்று, சொல் ஒன்று, பொருள் இரண்டு.

அரைத்து உலர்த்திய தேயிலையைப் பல கண்ணளவுள்ள சல்லடைகளில் சலிக்கிறார்கள். பெரிய துகள் மேலே நிற்கும். மிகச் சிறியது அடிக்கு வரும். அப்படி அடிக்கு வரும் மிக நுண்ணிய தூளுக்குத்தான் ‘ஃபைன் டஸ்ட்’ என்று பெயர். துகள் சிறிதாக ஆக ஆகத் தண்ணீர் படும் பரப்பு கூடும். சாறு சீக்கிரம் இறங்கும். டீக்கடையில் வடிகட்டிப் பையில் கொஞ்சம் தூளைப் போட்டு, கொதிநீரை ஊற்றியவுடன் கெட்டியான நிறம் வர வேண்டும். அதற்கு இந்தத் தூள் பொருத்தம். வீட்டில் நிதானமாக, பால் சேர்க்காமல் மணம் பார்த்துக் குடிப்பவருக்குப் பொருந்தாது. நல்ல இலையிலிருந்தும் ஃபைன் டஸ்ட் வரும், சுமாரான இலையிலிருந்தும் வரும். ‘டஸ்ட்’டை ‘தூசி’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு, தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கியதை விற்கிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அது வெறும் கதை.

விலை உயர்ந்த தேயிலைப் பெட்டியில் எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று போட்டிருக்கிறதே, அதில் ‘ஃபைன்’ இருக்கிறதா?

இருக்கிறது. முதல் ‘எஃப்’ என்பது ஃபைன் அல்லது ஃபைனஸ்ட். இரண்டாவது ‘எஃப்’ ஃப்ளவரி. இது இலை உருக்குலையாமல் சுருட்டித் தயாரிக்கப்படும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையின் தர எழுத்து. இங்கே ‘ஃபைன்’ உண்மையிலேயே பாராட்டுத்தான். ஆனால் பி.ஓ.பி.எஃப். என்று கடைசியில் ‘எஃப்’ வந்தால் அது ‘ஃபேனிங்ஸ்’, அதாவது சிறு துகள். சாமானியர்களுக்கு எட்டாத உசத்தி என்று பொருள் வரும்படி அந்த நீண்ட எழுத்து வரிசைக்குத் தேயிலை வட்டாரத்தில் ஒரு கேலி விரிவாக்கமும் உண்டு. விலைச்சீட்டைப் பார்த்தால் கேலி என்று தோன்றாது.

‘ஃபைன் வெதர்’ என்றால் மழை இல்லை என்கிறார்கள். ஆனால் ஒருவர் ‘ஃபைன் ரெயின்’ என்றார். மழை உண்டா, இல்லையா?

இரண்டும் சரி. ‘வெதர்’, ‘டே’, ‘மார்னிங்’ போன்ற சொற்களோடு வந்தால் வானம் வெளுத்திருக்கிறது, மழையில்லை என்று பொருள். ‘ரெயின்’, ‘மிஸ்ட்’, ‘ஸ்ப்ரே’ என்று நீரைக் குறிக்கும் சொல்லோடு வந்தால் துளி மிகச் சிறிது என்று பொருள். ‘ஃபைன் ரெயின்’ என்பது நம் சாரல், தூறல். குடை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சட்டை நனைந்துவிடும் ரகம்.

வழிகாட்டியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ‘ஃபைன் வெதர்’ என்றால் வெப்பம் என்று பொருள் இல்லை. வெயில் பளிச்சென்று அடித்து, காற்று சில்லென்று இருக்கும் ஊட்டிக் காலைப் பொழுதும் ஃபைன்தான். சமவெளியிலிருந்து வருபவரிடம் தொலைபேசியில் ‘வெதர் ஈஸ் ஃபைன்’ என்று மட்டும் சொன்னால் அவர் ஸ்வெட்டர் எடுக்காமல் வந்து நிற்பார். ‘ஃபைன், பட் கோல்ட்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

யாருக்கு ஃபைன் என்பதும் ஒரு கேள்வி. டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, காற்றசையாத இரவுகளைச் சுற்றுலாப் பயணி ‘ஃபைன் நைட்’ என்பார். மேகம் இருந்தால் அது நிலத்தின் சூட்டைக் கொஞ்சமாவது தடுத்து வைக்கும். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தால் சூடு முழுவதும் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். விடிந்தால் தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி முழுக்க உறைபனி. காரின் கண்ணாடியில் படிந்ததைச் சுரண்டிப் படமெடுக்க ஒரு கூட்டம் நிற்கும். அதே உறைபனி பட்ட தேயிலைக் கொழுந்து வெயில் ஏறியதும் கருகத் தொடங்கும். காய்கறி விவசாயி விடியற்காலையில் ஸ்பிரிங்ளரைத் திருப்பி விட்டுப் பயிரைக் கழுவிக்கொண்டிருப்பார். அவரிடம் போய் ‘ஃபைன் வெதர்’ என்று சொல்லாமல் இருப்பது மரியாதை.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அந்தக் குளிரில் கருகாமல் மெதுவாக வளர்ந்த கொழுந்தில் செய்யும் குளிர்காலத் தேயிலைக்கு மணம் கூடுதல். சுவைஞர்கள் அதைத்தான் வாயாரப் புகழ்கிறார்கள்.

‘ஹவ் ஆர் யூ?’ என்றால் ‘ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது தவறு என்று இப்போது சிலர் சொல்கிறார்களே?

தவறே இல்லை. இன்றும் எல்லா ஊர்களிலும் சொல்கிறார்கள். ஒரே குரலில், ஒரே வேகத்தில், பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒப்பிப்பதுபோல் சொல்வதுதான் செயற்கையாக ஒலிக்கிறது. ‘ஃபைன், அண்ட் யூ?’ என்று கேள்வியைத் திருப்பிப் போட்டால் உரையாடல் நகரும்.

ஆனால் ‘ஐ ஆம் வெரி ஃபைன்’ என்று சொல்ல வேண்டாம். உடல்நலம், மனநிலையைச் சொல்லும்போது ‘ஃபைன்’ என்பதற்குப் படிகள் இல்லை. ‘குறையொன்றுமில்லை’ என்பதில் ‘மிகவும்’ சேர்க்க முடியாததைப் போல. ‘வெரி வெல்’ என்றோ ‘ஐ ஆம் ஜஸ்ட் ஃபைன்’ என்றோ சொல்லலாம். அதே ‘வெரி ஃபைன்’ பொருள்களுக்கு வரும்போது இயல்பானது: மிக மெல்லிய நூல், மிக நுண்ணிய தூள், மிக உயர்ந்த வேலைப்பாடு.

மருத்துவமனை வாசலில் ‘ஹீ ஈஸ் ஃபைன்’ என்று மருத்துவர் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை என்று பொருள். முழுக்கக் குணமாகிவிட்டார் என்று அதிலேயே எடுத்துக்கொள்ளாமல் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் வீட்டில் சுற்றுலாப் பயணிகளைத் தங்க வைக்கிறோம். ‘மோர் டீ?’ என்று கேட்டால் ‘ஐ ஆம் ஃபைன்’ என்கிறார்கள். ஊற்ற வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம். இது கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே ஊற்றிவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

‘ஐ ஆம் ஃபைன்’, ‘நோ, ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்’ இரண்டும் மறுப்பு. இப்போதைய நிலையே எனக்குப் போதும், மேற்கொண்டு ஒன்றும் வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். நாம் ‘போதும்’ என்று கையால் கோப்பையை மூடுகிறோமே, அதற்குச் சமம். ஆனால் நம் விருந்தோம்பலில் முதல் ‘போதும்’ கணக்கில் வராது. ‘கொஞ்சம்தான், சாப்பிடுங்கள் அக்கா’ என்று இரண்டாவது முறை வற்புறுத்துவதுதான் மரியாதை. வெளிநாட்டினரிடம் இந்த வற்புறுத்தல் சங்கடமாக முடியும். அவர் மறுத்தாகிவிட்டது, நீங்கள் கேட்கவில்லை என்று நினைப்பார்.

இதற்கு நேர்மாறானது ‘தட்ஸ் ஃபைன்’. ‘வெந்நீர் காலை ஏழு மணிக்குத்தான் வரும்’ என்று நீங்கள் சொல்ல, அவர் ‘தட்ஸ் ஃபைன்’ என்றால் ஒப்புக்கொண்டார் என்று பொருள். ‘டீ ஆர் காஃபி?’ என்ற கேள்விக்கு ‘டீ ஈஸ் ஃபைன்’ என்றால் தேநீர் கொடுங்கள் என்று பொருள். உங்கள் தேநீர் அருமை என்று பாராட்டிவிட்டதாக மகிழ வேண்டாம். ‘ஐ ஆம்’ என்று தன்னைச் சொன்னால் வேண்டாம், ‘டீ ஈஸ்’ என்று பொருளைச் சொன்னால் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் சமையலறைக்கும் மேசைக்கும் நடக்கும் வீண் நடை குறையும்.

ஒருவர் கோபமாக ‘ஃபைன்!’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்லது என்றுதானே சொன்னார்?

இல்லை. தனியாக, வெடுக்கென்று சொன்னால் ‘சரி, எப்படியோ போ’ என்று பொருள். சம்மதம்போல் தெரியும் சண்டை அது. செல்போன் செய்தியில் ‘ஃபைன்’ என்று ஒற்றைச் சொல்லும் ஒரு முற்றுப்புள்ளியும் மட்டும் வந்தால், இளைஞர்கள் பலர் அதைக் கோபமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சம்மதத்தைத்தான் சொல்ல வேண்டுமென்றால் கூட இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள்: ‘தட்ஸ் ஃபைன் வித் மீ’.

கிண்டலும் உண்டு. ‘எ ஃபைன் மெஸ்’, ‘எ ஃபைன் ஃப்ரெண்ட் யூ ஆர்’ என்பவை வசை. ‘அழகுதான் போ!’, ‘நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டாய்!’ என்று நாம் சொல்வதில்லையா, அதே தொனிதான். தமிழ் பேசுபவருக்கு இதில் விளக்கம் அதிகம் தேவைப்படாது. நல்ல சொல்லைத் திருப்பிப் போட்டு அடிப்பதில் நமக்குப் பயிற்சி குறைவா என்ன?

அபராதம் என்ற பொருளில் வாக்கியம் அமைப்பது எப்படி? ‘ஐ ஆம் ஃபைன்’ என்றால் நான் அபராதம் கட்டினேன் என்றும் ஆகுமா?

ஆகாது. அபராதம் விதிக்கப்பட்டதென்றால் ‘ஐ வாஸ் ஃபைன்ட்’. கடைசியில் வரும் அந்த மெல்லிய ஒலிதான் முழு வித்தியாசமும். அதை விழுங்கிவிட்டால் ‘நான் நலமாக இருந்தேன்’ என்று ஆகிவிடும். இன்னொரு தொல்லை: ‘கண்டுபிடி’ என்னும் ‘ஃபைண்ட்’ என்ற சொல்லும் இதுவும் ஒலியில் ஒன்றேதான், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெயர்ச்சொல்லாக வந்தால் ‘எ ஃபைன் ஆஃப் 500 ருபீஸ்’, ‘பே எ ஃபைன்’. எதற்காக என்று சொல்ல ‘ஃபார்’ சேர்க்க வேண்டும்: ‘ஃபைன்ட் ஃபார் லிட்டரிங்’. முதுமலை வழியாகப் போகும் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்குவதோ, குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் கொடுப்பதோ கூடாது, செய்தால் ஃபைன்தான்.

‘ஃபீ’, ‘டாக்ஸ்’ ஆகியவற்றோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. தவறு செய்ததற்காகக் கட்டுவது மட்டுமே ‘ஃபைன்’. சோதனைச் சாவடியில் வாகனங்களிடம் வாங்கும் பசுமை வரி ஃபைன் இல்லை. படகு இல்லத்தில் வாங்கும் கட்டணமும் இல்லை. தடை செய்த பிளாஸ்டிக்கை எடுத்து வந்து பிடிபட்டால் கட்டுவதுதான் ஃபைன். தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-இல். நீலகிரி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே ‘எங்கள் ஊரில் இப்படி இல்லையே’ என்று சாவடியில் வாதாடுவது வேலைக்கு ஆகாது.

அறிவிப்புப் பலகை எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பார்க்கிங் ஃபைன்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். ‘இங்கே நிறுத்துவது தாராளமாகச் சரி’ என்றும் அதைப் படிக்கலாம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது பழைய நகைச்சுவை. நம் பலகைகள் அதை வேடிக்கையில்லாமல் செய்துகாட்டுகின்றன. ‘நோ பார்க்கிங்’ என்று ஒரு வரி, அபராதத் தொகை அடுத்த வரி என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

தோடர் பூவேலைச் சால்வையை விற்கிறோம். ‘ஃபைன் கிளாத்’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். வேலை ஃபைன், துணி ஃபைன் இல்லை. அது அந்தத் துணிக்குக் குறையும் இல்லை.

துணிக்குப் பக்கத்தில் ‘ஃபைன்’ வந்தால் மெல்லிய இழை என்று பொருள்: மஸ்லின், பட்டு போன்றவை. தோடர்கள் போர்த்திக்கொள்ளும் ‘பூத்துக்குளி’ என்ற சால்வைக்கு எடுப்பது இழை தெரியும் முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி. அப்படி இருந்தால்தான் வேலையே நடக்கும். பெண்கள் துணியில் கோடு வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் மாட்டுவதுமில்லை. மடியில் போட்டுக்கொண்டு, நெசவின் இழைகளை விரலால் எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலை ஓட்டுகிறார்கள். தையல் நெருக்கமாக அமைந்து, பார்ப்பதற்கு நெய்ததுபோலவே இருக்கும். இழை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துணியென்றால் எதை எண்ணுவது?

ஆகவே ‘ஃபைன் எம்ப்ராய்டரி ஆன் கோர்ஸ் காட்டன்’ என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான், விவரம் தெரிந்து வாங்குபவர் தேடுவதும் அதைத்தான். இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதையும் சேர்த்து எழுதலாம். எந்திரத்தில் பூப்போட்ட சால்வைக்கு அதே வரியைப் போடுபவர்களை என்னவென்று சொல்வது!

நகைக் கடையில் ‘ஃபைன்னஸ்’ என்கிறார்களே?

இது சொல்லின் மிகப் பழைய பொருள்: தூய்மை. நகையில் 916 என்று முத்திரை இருந்தால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். அதுதான் 22 காரட். ‘ஃபைன் கோல்ட்’ என்றால் கலப்பில்லாத தங்கம். அதில் நகை செய்தால் வளைந்துவிடும் என்பதால்தான் செம்போ வெள்ளியோ கலக்கிறார்கள்.

‘ஃபைன்’ எப்போது, ‘ஃபைன்லி’ எப்போது?

‘தி பஸ் ஈஸ் ரன்னிங் ஃபைன்’, ‘இட் வொர்க்ஸ் ஃபைன்’. நன்றாக நடக்கிறது என்று சொல்ல ‘லி’ தேவையில்லை. பேச்சில் இதுவே இயல்பு. ‘ஃபைன்லி’ என்பது பெரும்பாலும் வெட்டுவதற்கும் அரைப்பதற்கும்: ‘ஃபைன்லி சாப்டு கேரட்’ என்றால் பொடியாக நறுக்கிய கேரட். ‘தி பஸ் ஈஸ் ரன்னிங் ஃபைன்லி’ என்றால் பஸ்ஸையே நறுக்கியதுபோல் இருக்கும்.

‘குட்’, ‘நைஸ்’, ‘ஃபைன்’ மூன்றில் எது உயர்ந்தது?

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டு, விருந்தினர் ‘இட்ஸ் ஃபைன்’ என்றால் மகிழ வேண்டாம், ‘பரவாயில்லை’ என்கிறார். ‘குட்’ அதைவிட மேல். ஆனால் ‘எ ஃபைன் மீல்’, ‘எ ஃபைன் டீச்சர்’ என்று பெயருக்கு முன்னால் வந்தால் ‘குட்’டைவிட உயரத்தில் நிற்கும், தேர்ந்த ரசனையோடு பாராட்டுவதாக ஆகும். பெயருக்குப் பின்னால் போனால் சுமார், முன்னால் வந்தால் சிறப்பு. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்றாலும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

‘ஒன் ஃபைன் டே’ என்றால் வெயிலடித்த நாளா?

கதையில் வந்தால் இல்லை. ‘ஒருநாள்’ என்று மட்டும் பொருள். மழை கொட்டிய நாளில் நடந்ததையும் அப்படித் தொடங்கலாம். பள்ளிக் கட்டுரைகளில் எல்லாக் கதையும் இப்படியே தொடங்குவதைப் பார்த்துச் சலித்த ஆசிரியர்கள் நிறைய; வேறு தொடக்கம் தேடுங்கள்.

‘ஃபைன் பிரின்ட்’, ‘ஃபைன் ஆர்ட்ஸ்’?

முதலாவது, கடன் பத்திரத்தின் அடியில் எறும்பு வரிசையாக இருக்கும் சிறிய எழுத்து. கையெழுத்துப் போடும் முன் படிக்க வேண்டியதே அந்தப் பகுதிதான். இரண்டாவது, நுண்கலைகள். தமிழில் ‘நுண்’ என்று போட்டது நல்ல தேர்வு.

என் மகள் பியானோ கற்கிறாள். இசைத்தாளில் ‘ஃபைன்’ என்று எழுதியிருக்கிறது. அந்தப் பகுதியை நன்றாக வாசித்தாள் என்று ஆசிரியை பாராட்டி எழுதியதா?

அச்சில் இருந்தால் பாராட்டு இல்லை. அது இத்தாலியச் சொல். எழுத்து ஒன்றாக இருந்தாலும் உச்சரிப்பு ‘ஃபீனே’. இசை அங்கே முடிகிறது என்று பொருள். சில பாடல்களில் கடைசிவரை வாசித்துவிட்டு மறுபடி தொடக்கத்துக்குப் போய், ‘ஃபீனே’ வந்ததும் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன லத்தீன் ‘முடிவு’ இங்கே பொருள் மாறாமல் அப்படியே இருக்கிறது. பென்சிலில் எழுதியிருந்தால் ஆசிரியையைத்தான் கேட்க வேண்டும்.

ஊட்டியில் இருப்பது ‘பைன் ஃபாரஸ்ட்’டா, ‘ஃபைன் ஃபாரஸ்ட்’டா?

பைன் மரக்காடு. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில், தலைக்குந்தாவுக்கு அருகில் சரிவில் இருக்கிறது. கொடைக்கானலிலும் ஒன்று உண்டு. ஆய்தம் போடாமல் எழுதும் வழக்கம் இருப்பதால் அபராதமும் மரமும் தமிழில் ‘பைன்’ என்றே ஆகிவிடுகின்றன. சொல்லும்போது, மரத்துக்கு இரண்டு உதடும் சேர்ந்து பிரிய வேண்டும். அபராதத்துக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட்டுக் காற்று வெளியேற வேண்டும். எழுதும்போது அபராதத்துக்கு ஆய்தத்தை மறக்காதீர்கள். ‘இங்கே குப்பை போட்டால் பைன்’ என்ற பலகையை மரத்தடியில் வைத்தால் படிப்பவர் மேலேதான் பார்ப்பார்.